சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர், சின்னானுக்கு 3 அங்குலம்

கொல்லையில் கூடு கட்டும் பறவைகளைக் காப்பாற்ற இறங்குகிறவர்கள் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பொந்துக்குள் முட்டையிடும் பறவை வேறு, செடியிலும் கொடியிலும் கூடு கட்டுகிற பறவை வேறு. சிட்டுக்குருவியும், கறுப்பும் வெள்ளையுமான பாட்டுக்காரன் குண்டுக்கரிச்சானும் பொந்து தேடுகிறவை. அவற்றுக்குப் பெரிய தொல்லை மைனா. உள்ளே இருப்பதைக் குத்தித் தள்ளிவிட்டு இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சின்னான் என்கிற கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு எல்லாம் செடிகொடிகளில் கட்டுகிறவை. அங்கே இடச்சண்டை கிடையாது. காகமும் செம்போத்தும், காக இனத்து நீண்ட வால் பறவையான வால்காக்கையும் வந்து முட்டையையும் குஞ்சையும் தூக்கிப்போவதுதான் பிரச்சினை. முதல் வகையில் சிட்டுக்குருவிக்கு, நாம் வைக்கும் பெட்டியின் துளை அளவைச் சரிசெய்தால் போதும். இரண்டாவது வகைக்கு, எதிரியின் அலகுக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சரிசெய்ய வேண்டும். கல்லெறிவது, தகரம் தட்டுவது, பட்டாசு கொளுத்துவது எதுவும் உதவாது. அதில் முதலில் பயந்து ஓடுவது நாம் காப்பாற்ற நினைத்த பறவைதான்.

எங்கள் வீடு திருச்சியில், ஊர் முடிந்து தோப்பு தொடங்கும் இடத்தில். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, மல்லிகைப் பந்தல், சுற்றுச்சுவர் ஓரமாகச் செம்பருத்தியும் மருதாணியும். மோட்டார் அறைச் சுவரில்தான் குருவிப் பெட்டிகள். இரண்டு பருவமாகச் செய்து பார்த்ததில் நின்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

பெட்டியில் ஆரம்பிக்கலாம். பலகை 20 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். பழைய பேக்கிங் பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் பைன் பலகை மலிவாகக் கிடைக்கிறது. ஆணியைப் பிடுங்கி, ஆசாரியிடம் கொடுத்து ஒரு பக்கம் மட்டும் இழைக்கச் சொன்னேன். உள்பக்கம் சொரசொரப்பாகவே இருக்கட்டும், குஞ்சு ஏறி வரக் கால் பிடிக்கும். ப்ளைவுட் வேண்டாம், ஒரு ஐப்பசி மழையிலேயே அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். உள்ளே தரை 13க்கு 13 சென்டிமீட்டர், உயரம் 25. துளையின் மையம் தரையிலிருந்து 18 சென்டிமீட்டர் உயரத்தில். தரைப்பலகையின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடிய சிறு ஓட்டைகள், கூரைக்குக் கீழே காற்றுப் போக விரல் நுழையாத அளவு இடைவெளி. கூரை முன்பக்கம் சரிந்து, முகப்பைத் தாண்டி எட்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டலின் அடியில் ரம்பத்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால் மழைத்தண்ணீர் அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும், முகப்புக்கு வழிந்து வராது. பக்கவாட்டுப் பலகை ஒன்றைக் கீல் போட்டுக் கதவாக்கினேன்.

"குருவிக்கு எதுக்குத் தம்பி கதவு?" என்று ஆசாரி கேட்டார். குருவிக்கு இல்லை, வருடா வருடம் பழைய வைக்கோலை வழித்தெடுக்கப் போகும் எனக்கு. கதவை ஸ்க்ரூ போட்டு இறுக்குவது அவசியம். கொக்கி மட்டும் என்றால் அணில் ஒரு நாள் திறந்துவிடும், இல்லையென்றால் வீட்டுக்கு வரும் குழந்தைகள் திறந்துவிடுவார்கள்.

இப்போது துளை. சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. போதும். பூட்டுப் பொருத்தவும் பைப் போடவும் பயன்படுத்துகிற வட்ட ரம்பம், ஹோல் சா என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் தருவார்கள், அதில் 32 மி.மீ. அளவு சாதாரணமாகக் கிடைக்கும். ட்ரில்லில் மாட்டி, முன்பக்கமிருந்து பாதி வரை அறுத்து, பலகையைத் திருப்பிப் பின்பக்கமிருந்து மீதியை அறுத்தால் விளிம்பு சிராய் எழும்பாமல் சுத்தமாக வரும். மேல்நாட்டு ஸ்டார்லிங் பறவைக்கு 38 மி.மீ. துளையே போதாது. அதன் உறவான நம் மைனா அதைவிடப் பருத்த உடம்பு, 32 அதற்குக் கனவு. மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள், 2010 முதல் கொண்டாடுகிறார்கள். அந்தச் சமயத்தில் அங்கங்கே இலவசமாகப் பெட்டி கொடுப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் என் கைக்கு வந்தவற்றில் துளை இரண்டு அங்குலம் இருந்தது. அது மைனாவுக்கு வைத்த விருந்து. தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு துண்டுப் பலகையில் 32 மி.மீ. துளை போட்டு, பழைய துளையின் மேல் வைத்து ஸ்க்ரூ அடித்தால் குருவிப் பெட்டி ஆகிவிடும். மண்கலயம் கட்டித் தொங்கவிடுகிறவர்களும் வாய்க்கு இப்படியொரு பலகை வில்லையைப் பொருத்தலாம்.

அந்தப் பெட்டிகளில் இன்னொன்றும் இருக்கும்: துளைக்குக் கீழே உட்காரக் குச்சி. பார்க்க அழகு. சிட்டுக்குருவிக்கு அது வேண்டவே வேண்டாம். செங்குத்துப் பலகையில் நகத்தை ஊன்றித் தொங்கும், சட்டென்று நுழைந்துவிடும். குச்சி வேண்டியது மைனாவுக்கும் காகத்துக்கும்தான். நின்று நிதானமாக உள்ளே அலகை விடுவதற்கு. ரம்பத்தை எடுத்து அடியோடு அறுத்துவிடுங்கள்.

காகத்தின் அலகுக்கு வருகிறேன். பெட்டியின் ஆழம் காப்பாற்றும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். குண்டுக்கரிச்சானுக்கு அது சரி. சிட்டுக்குருவி விஷயத்தில் முழுக்கச் சரியில்லை, ஏனென்றால் அது வைக்கோல், நூல், கோழி இறகு, துடைப்பக்குச்சி என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து துளை மட்டம் வரை திணித்துவிடும். ஆழம் போய்விடும், குஞ்சு துளைக்கு நேராக உட்கார்ந்திருக்கும். ஆகவே ஆழத்தை விடத் துளையின் நீளம் முக்கியம். முகப்பில் இன்னொரு 20 மி.மீ. பலகைத் துண்டை ஒட்டி, இரண்டையும் சேர்த்துத் துளைத்தேன். துளை இப்போது 4 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். வீட்டுக் காகத்தின் அலகு சுமார் 5 சென்டிமீட்டர், தலை 32 மி.மீ. துளைக்குள் போகாது. ஆக, குழாயைத் தாண்டி உள்ளே எட்டுவது ஒரு சென்டிமீட்டர்தான். குஞ்சு சற்றுப் பின்வாங்கினால் பிழைத்தது.

துளையைச் சுற்றி எண்ணெய் டின் தகட்டை வெட்டி அடித்திருக்கிறேன். அணில் கடித்துத் துளையைப் பெரிதாக்காமல் இருக்க அது. பெரிதாக்கியது அணில், குடி வருவது மைனா என்று ஆகிவிடும். தகட்டின் துளை மரத்துளையை விட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுங்கள். குருவி ஒரு நாளில் எத்தனையோ முறை அதில் உரசிக்கொண்டு போய் வருகிறது.

மாட்டும் இடம் நிழலாக இருக்க வேண்டும். திருச்சி வெயிலில் மேற்குச் சுவரில் மாட்டினால் உள்ளே குஞ்சு வெந்துவிடும். கிழக்கு அல்லது வடக்குச் சுவர், மேலே சன்ஷேட், தரையிலிருந்து எட்டு ஒன்பது அடி. பக்கத்தில் கிளையோ கேபிளோ குழாயோ ஓடக் கூடாது. காகத்துக்கும் அணிலுக்கும் நாமே ஏணி வைத்த மாதிரி ஆகும். மோட்டார் அறைச் சுவரைப் பூசி வழவழப்பாக்கியது இதற்காகத்தான்.

பெட்டியை மாட்டியதும் மைனா வந்தது. குருவிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கூரை மேல் உட்கார்ந்து குனிந்து தலைகீழாக எட்டிப்பார்த்தது. அப்புறம் முகப்பில் பாய்ந்து, நகம் தகட்டில் வழுக்க, இறக்கையை அடித்துக்கொண்டே தலையைத் துளைக்குள் விட்டது. கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் தோல் வரைக்கும் போனது, தோள் போகவில்லை. வெளியே இழுத்துக்கொண்டு, கூரைக்குத் திரும்பி, தலையை மேலும் கீழும் ஆட்டி ஒரு பாட்டு. இணையை அழைத்து வந்து மறுபடியும் முயன்றது. பிறகு விட்டுவிட்டது. அதன் பிறகுதான் குருவிகள் நிம்மதியாக வந்தன. ஆண் குருவி கழுத்தில் கறுப்பு மார்புப்பட்டையோடு வாசலில் தொங்கிக்கொண்டு "சிலிப் சிலிப்" என்று கத்தி இடத்தைப் பதிவு செய்யும். கத்தல் ஆரம்பித்தால் பெட்டி பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாம் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பெட்டி செய்து தருகிற இதே சிட்டுக்குருவி, அமெரிக்காவில் வில்லன். 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுபோய் விட்டார்கள். கண்டம் முழுக்கப் பரவி, அந்த ஊர் நீலப்பறவைகளின் பொந்துகளைப் பிடுங்குகிறது, உள்ளே இருக்கும் பறவையைக் கொத்திக் கொன்றும் விடுகிறது. நீலப்பறவைக்கு 38 மி.மீ. துளை வேண்டும், சிட்டுக்குருவி அதைவிடச் சிறிய உடம்பு, ஆகையால் துளை அளவை வைத்து அதைத் தடுக்க முடியாது. அவர்கள் பெட்டிக்கு மேலே மினுமினுக்கும் பிளாஸ்டிக் ரிப்பன்களைத் தொங்கவிட்டுக் குருவியை மிரட்டுகிறார்கள். அதுவும் நீலப்பறவை முதல் முட்டை இட்ட பிறகுதான் கட்டுவார்கள். முட்டை இட்டுவிட்ட தாய் ரிப்பனைப் பொருட்படுத்தாமல் வந்துவிடும், சிட்டுக்குருவி மிரளும். வெளிநாட்டில் மைனாவும் இப்படி வில்லன்தான். உலகின் மோசமான நூறு அயல் ஊடுருவிகள் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அது தொல்லை, நம் ஊரில் அது வீட்டுப்பிள்ளை. ஆகவே மைனாவை ஒழிக்கும் வழிகளை எங்கேயாவது படித்துவிட்டு இங்கே செய்யப் போகாதீர்கள். அந்தப் பக்குவம் வேறு மண்ணுக்கு.

நான் மைனாவுக்கும் ஒரு பெட்டி வைத்தேன். 60 மி.மீ. துளை, பெட்டியும் பெரிது, கொல்லையின் எதிர் மூலையில் முருங்கைக்கு அப்பால். ஒரு ஜோடி குடியேறியது. கூடு வைத்த மைனா ஜோடி தன் எல்லைக்குள் வேறு மைனாக்களை விடாது, வருகிறவற்றைத் துரத்திக்கொண்டே இருக்கும். வெளி மைனாக்களின் கூட்டம் குறைந்தது. மைனாவை வளர்த்துவிடுகிறாய் என்று பறவை பார்க்கும் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

குண்டுக்கரிச்சான்தான் இன்னும் தீராத கணக்கு. அதற்கு 50 மி.மீ. துளையாவது வேண்டும், 50இல் மைனாவும் நுழையும். அளவால் பிரிக்கவே முடியாது. பின்சுவரின் இருட்டு மூலையில், சன்ஷேடுக்கு அடியில், வெளிச்சம் குறைவாகப் படும் இடத்தில் பெட்டியை வைத்துப் பார்த்தேன். கரிச்சான் விடியலில் பாடிக்கொண்டே வந்து பார்த்துவிட்டுப் போனது, மைனா வந்து எடுத்துக்கொண்டது. மைனா முதல் வைக்கோலைக் கொண்டுவரும்போதே அதை எடுத்துவிடலாம், கூடு ஆகிவிட்டால் கை வைக்கக் கூடாது. இது என் கட்டுப்பாடு மட்டும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையையும் கூட்டையும் அழிப்பது குற்றம். காகத்தை முன்பு அந்தச் சட்டம் தொல்லை விலங்குகளின் அட்டவணையில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. விஷம், பசைப்பொறி, கவண் எல்லாம் பேச்சுக்கே வேண்டாம்.

காகத்தைப் பற்றி வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அம்மா தினமும் சமைத்ததும் ஒரு கைப்பிடி சோறு சுற்றுச்சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். அமாவாசை என்றால் வடை பாயசத்தோடு. சோறு வைக்கும் இடம் மல்லிகைப் பந்தலுக்கு ஐந்தடி. காகம் சோறு தின்றுவிட்டு அலகைச் சுவரில் தீட்டிக்கொண்டு, பந்தலைச் சாவகாசமாகத் தலை சாய்த்துப் பார்க்கும். அங்கேதான் சின்னான் கூடு.

"காக்காய்க்கு வைக்காம எப்படிடா சாப்பிடறது? உங்க தாத்தா வர்ற இடம்" என்றார் அம்மா. நிறுத்தச் சொல்லவில்லை, இடத்தைத்தான் மாற்றச் சொன்னேன். வாசல் பக்க மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மாற்றினோம். ஆரம்பத்தில் காகங்கள் பழைய இடத்துக்கே வந்து கத்தின. அம்மா மாடியில் நின்று இரண்டு மடங்கு சத்தமாகக் கூப்பிட்டார். தாத்தா வழி கண்டுபிடித்துவிட்டார். கொல்லையில் காக நடமாட்டம் குறைந்ததற்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வீசி எறிந்த மீன் முள், திறந்த குப்பை வாளி, நாய்க்கு வைத்த மிச்சம் எல்லாம் இதே கணக்குதான். கொல்லையில் அவை இருந்தால் காகம் காவல் இருக்கும்.

பழைய சிடி தொங்கவிடுவது, கண் வரைந்த பலூன், ரப்பர் பாம்பு எல்லாம் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காகம் ஓரிரு நாள் தள்ளி நிற்கும், அப்புறம் சிடி மேலேயே உட்காரும். கறுப்புத் துணியில் செத்த காகம் மாதிரி செய்து தொங்கவிட்டால் கூட்டம் கூடிக் கத்தித் தீர்க்கும், அந்த இரைச்சலில் கூட்டை விட்டு ஓடுவது சின்னான். சின்னானுக்கும் குருவிக்கும் குஞ்சு பொரிக்கும் உச்சக் காலம் கோடைதான், காகமும் ஏப்ரல் முதல் ஜூன் வரை தன் குஞ்சுகளுக்குத் தீனி தேடுகிறது. அதற்கும் வீட்டில் தொல்லை உண்டு. குயில் அதன் கூட்டில் முட்டை இட்டுவிட்டுப் போகிறது.

காகத்திடம் ஒன்றை மறைக்கத் தெரிய வேண்டும்: நாம் எதைப் பார்க்கிறோம் என்பதை. கூடு இருக்கும் இடத்துக்கு அடிக்கடி போய், இலையை விலக்கி, போனில் படம் எடுத்தால், மதில் மேல் உட்கார்ந்திருக்கும் காகம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். தாய்ப்பறவை ஒவ்வொரு முறையும் பதறிப் பறந்து கத்தும்போது இடம் இன்னும் தெளிவாகிவிடும். நான் சமையலறை ஜன்னலில் இருந்து பைனாகுலரில் பார்ப்பதோடு சரி. பந்தலுக்குப் போக வேண்டியிருந்தால் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நிற்காமல் கடந்துவிடுவேன்.

சின்னான் கூட்டுக்குக் கம்பிக்கூண்டு போட்டது கொஞ்சம் நுணுக்கமான வேலை. கூடு பந்தலில் தோள் உயரத்தில், வேரும் புல்லும் சிலந்திநூலும் வைத்துப் பின்னிய சின்னக் கிண்ணம், உள்ளே செம்புள்ளி போட்ட முட்டைகள். துத்தநாகம் பூசிய கம்பிவலை, ஜி.ஐ. வெல்டு மெஷ் என்று கேட்டு வாங்கினேன். கட்டம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு அங்குலக் கட்டத்திலும் சின்னான் நுழைந்துவிடும், ஆனால் பதறிப் பறக்கும்போது கம்பியில் மோதிக்கொள்ளும். மூன்று அங்குலத்தில் தாராளமாகப் போகும். காகம் மூன்று அங்குலத்தில் எளிதாக நுழையாது. வால்காக்கைக்கு உடம்பு மெலிவு, முயன்றால் நுழைந்துவிடும். அது அடிக்கடி வரும் தோப்புவீடுகளில் இரண்டு அங்குலமே மேல். எங்கள் பக்கம் வால்காக்கை எப்போதாவதுதான், ஆகவே மூன்று வாங்கினேன்.

காகம் மூன்று அங்குலக் கட்டத்தில் உடம்பை விடாவிட்டாலும் கழுத்தை விடும். அலகும் தலையும் கழுத்தும் சேர்ந்து எட்டுகிற தூரத்துக்குள் கூடு இருந்தால் கூண்டு போட்டு என்ன பிரயோஜனம்? அதனால் கூட்டின் எல்லாப் பக்கத்திலும், மேலேயும், ஒன்றேகால் அடி இடைவெளி விட்டேன். கூண்டு கீழே தரை வரை இறங்க வேண்டும் என்பது செம்போத்துக்காக. அது காகம் மாதிரி மேலிருந்து வருகிற ஆள் இல்லை. புதருக்குள் தரையோடு தரையாக நடந்து, கிளை கிளையாக ஏறி வரும். செங்கல் நிற இறக்கை கண்ணில் படும்போது வேலை முடிந்திருக்கும். மேலே மட்டும் மூடிய வலை அதற்குத் தடையே இல்லை.

கூண்டை ஒரே மூச்சில் போடக் கூடாது. கூடு கட்டிக்கொண்டிருக்கும்போதும் முட்டையிடும்போதும் இடைஞ்சல் செய்தால் தாய் கைவிட்டுப் போய்விடலாம். அடைகாக்க ஆரம்பித்த பிறகு அதற்குக் கூட்டின் மேல் பிடிப்பு அதிகம். முதலில் நாலு மூங்கில் குச்சி மட்டும் நட்டுவிட்டு வந்தேன். அது பழகியதும் ஒரு பக்கம் மெஷ், அப்புறம் அடுத்த பக்கம், கடைசியாக மேல்மூடி. தாய் இரை தேடப் போயிருக்கும் சமயம் பார்த்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் காலையில் வேலை. மெஷ்ஷை முன்கூட்டியே வெட்டி வளைத்து வைத்திருந்தால் கட்டுக்கம்பி முறுக்குவது மட்டும்தான் பாக்கி. வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் மடக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜன்னலுக்குத் திரும்பி, தாய் திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். கால் மணி, இருபது நிமிடத்தில் வந்து உட்காராவிட்டால் போட்டதை எடுத்துவிடுவது என்று முடிவு. வந்தது. மூடி போட்ட அன்று மட்டும் மெஷ் மேல் உட்கார்ந்து கொண்டையைத் தூக்கி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தது. ஒரு கட்டத்தில் தலையை விட்டது, எடுத்தது. பிறகு இறக்கையை ஒடுக்கிக்கொண்டு ஒரே தாவலில் உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் கம்பி இருப்பதையே அது மதிக்கவில்லை.

அடைகாப்பது சுமார் இரண்டு வாரம், குஞ்சு வளர்ந்து வெளியேறுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குள் கூண்டைக் கழற்றிவிடலாம். மெல்லிய நைலான் வலை, மீன்வலை, செடிக்குப் போடும் பறவை வலை எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். காலும் இறக்கையும் சிக்கித் தொங்கிச் சாகும். ஓணானையும் பாம்பையும் இந்தக் கூண்டு தடுக்காது என்பதையும் தெரிந்துகொண்டே போட வேண்டும்.

தேன்சிட்டு துணி காயப்போடும் கம்பியில் கட்டியது. அதற்கு வேறு இடமே கிடைக்காது போல. சருகு, பட்டைத்தூள், சிலந்திநூல் எல்லாம் சேர்த்துத் தொங்கவிட்ட பை, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே ஒரு சின்னத் தாழ்வாரம். பார்க்கக் குப்பை தொங்குவது மாதிரி இருக்கும், அதுதான் அதன் காவல். மெஷ் கூண்டு இங்கே ஒத்துவராது, கம்பி காற்றில் ஆடும்போது கூண்டில் இடிக்கும். காகம் அந்தரத்தில் நின்று கூட்டைப் பிய்ப்பதில்லை. பக்கத்தில் கம்பியில் உட்கார்ந்து, காலை ஊன்றித்தான் இழுக்கும். ஆக அது உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும். அரை அங்குல பிவிசி பைப்பை ஓரடித் துண்டுகளாக்கி, நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் அறுத்து, வாயைப் பிளந்து கம்பியின் மேல் மாட்டினேன். கூட்டுக்கு இரண்டு பக்கமும் கம்பத்தின் முனை வரை. பைப் கம்பியில் தளர்வாகச் சுழலும். காகம் வந்து காலை வைத்தது, பைப் உருண்டது, முன்னால் கவிழ்ந்து இறக்கையை விரித்துச் சமாளித்துப் பறந்தது. எனக்குச் சிரிப்பு, அதற்குக் கோபம். கொய்யாக் கிளையில் உட்கார்ந்து நெடுநேரம் திட்டியது. அந்தக் கூட்டிலிருந்து குஞ்சுகள் பறந்து போகும் வரை துணிகளைக் குளியலறையில் காயப்போட்டோம், அம்மாவிடம் அதற்கும் ஒரு பாட்டு வாங்கினேன்.

தையல்சிட்டுக்கு நான் எதுவும் செய்யவில்லை. செம்பருத்தியின் அகன்ற இலைகளைத் தைத்து உள்ளே பஞ்சு வைத்திருந்தது. செடியை வெட்டாமல் விட்டதே போதுமானதாக இருந்தது. தொட்டிச் செடியில் கட்டினால் தொட்டியை நகர்த்தாதீர்கள், அவ்வளவுதான்.

வல்லூறு வேறு மாதிரி ஆள். அதற்குக் கூடு முக்கியம் இல்லை, குருவி கூடும் இடம்தான் முக்கியம். கம்பும் தினையும் போட்டு வைத்த தட்டில் குருவிகள் இறங்கி மேயும் நேரம் அதற்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. முருங்கையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, தாழப் பறந்து வந்து ஒன்றைத் தூக்கியது. முதலில் அறிவித்தது அணில்தான், "கிச் கிச்" என்று விடாமல் கத்தும். அதைக் கேட்டதும் குருவிகள் கரைந்துவிடும். நான் தீனி போடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தினேன். கூட்டம் கலைந்ததும் வல்லூறும் வேறு பக்கம் போனது. ஓணானும் எலியும் அதற்கு எங்கேயும் கிடைக்கும். மறுபடி தொடங்கியபோது தட்டை மருதாணிப் புதருக்கு ஏழெட்டடி தூரத்தில் வைத்தேன். ஓடி நுழைய அந்தத் தூரம் போதும். புதருக்கு ஒட்டியே வைத்தால் பக்கத்து வீட்டு அக்காவின் பூனை அதற்குள் படுத்துக்கொள்ளும். அக்காவிடம் சொன்னேன், குஞ்சு பறக்கும் வாரங்களில் காலை வேளையில் மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிறார்.

தானியம் பெரிய குருவிகளுக்குத்தான். குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும் வேண்டும். முருங்கைக்கும் செம்பருத்திக்கும் மருந்தடிப்பதை விட்டுவிட்டோம். முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் கைக்கெட்டும் கிளையை வெட்டி எரிக்கிறோம், மீதி பறவைகளின் பங்கு.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். அது விழுந்த குஞ்சு இல்லை, பறக்கப் பழகும் குஞ்சு. எடுத்துப் புதரின் உயரமான கிளையில் வைத்துவிட்டு விலகி வந்துவிட்டால் தாய் வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம்.

குருவிப் பெட்டியில் ஒரு ஈடு குஞ்சு பறந்ததும் அடுத்த ஈட்டுக்கு அதே ஜோடி சீக்கிரமே தயாராகிவிடும். ஆகவே நடுவில் பெட்டியைத் தொடுவதில்லை. மழைக்காலத்துக்கு முன்னால், உள்ளே முட்டையும் இல்லை, போக்குவரத்தும் இல்லை என்று நிச்சயமான பிறகு, கதவைத் திறந்து பழைய வைக்கோலை வழித்தெடுத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, நல்ல வெயிலில் காயவைத்து மாட்டுகிறேன். உண்ணியும் பேனும் இருக்கும், மருந்துத்தூள் போடுவதில்லை. இந்த முறை சுத்தம் செய்தபோது துளையை அளந்து பார்த்தேன், தகடு அடித்த பெட்டிகளில் 32 அப்படியே இருக்கிறது. தகடு அடிக்காத ஒன்றில் மட்டும் கீழ் விளிம்பு அணில் பல் பட்டு 36 ஆகியிருந்தது. அதற்கும் ஒரு டின் வெட்டி வைத்திருக்கிறேன்.